மூன்று மணி பத்துக்கு ஓர் எண்

பெட்ரோல் பம்புகளைச் சோதிப்பது என் வேலை.
புன்டா அரேனாசில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்
இருபது லிட்டர் எஃகுக் குடுவையோடு நிற்பேன்.
நூறு மில்லி கூடலாம், குறையலாம்.
நூற்றொன்று என்றால் பம்புக்கு ஈய முத்திரை.
முதலாளிகள் காப்பி நீட்டுவார்கள்.
ஒரு நாளும் குடித்ததில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில்
நூற்றுக்குப் பதினைந்து பிசகலாம் என்று
பெட்டியிலேயே அச்சடித்த ஒரு கருவி.
அதை நம்பித்தான் ஒரு பூனைக்கு இன்சுலின்.

பெயர் டிஸ்னாதோ. கரி பூசிய முகம்.
டாக்டர் பாரியாவின் மேசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு பயம்
என்று பிரித்துச் சொல்ல அங்கே கருவி இல்லை.
"வீட்டிலேயே குத்திப் பாருங்கள்" என்றார்.

அரிசி நிரப்பிய காலுறையைச் சூடாக்கி
காதுமடலில் ஒரு நிமிடம்.
விளிம்போரம் ஒரு குத்து.
கடுகளவு ரத்தம் எழுந்து நிற்கும், பட்டை உறிஞ்சும்.
ஐந்து, நான்கு, மூன்று...
அதுவரை நான் மூச்சு விடுவதில்லை.
பூனை கொட்டாவி விடும்.

ஒரே காது, ஒரே துளி, மூன்று பட்டை:
நூற்றெட்டு. தொண்ணூற்றாறு. நூற்றிருபத்தொன்று.
பம்பாக இருந்தால் பூட்டியிருப்பேன்.
மனிதருக்குச் செய்தது
பூனை ரத்தத்தைப் பெரும்பாலும் குறைத்தே சொல்லும் என்றார் டாக்டர்.
ஓர் எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள்,
எந்நேரம் இறங்குகிறது, எங்கே தரை தட்டுகிறது, அதைப் பாருங்கள்.
ஞாயிறு முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் குத்தி
கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தேன்.
இழுத்த கோடு ஒரு பள்ளத்தாக்கு.
அதன் அடியில் மதியம் ஒரு மணி,
சன்னலோரம் டிஸ்னாதோ உறங்கும் நேரம்.

எதிரே என் தம்பி நொல்பெர்தோ
கலபாத்தே ஜாம் வழியும் ரொட்டியோடு.
"இந்த வீட்டில் பூனைக்கு இருக்கிற மரியாதை..." என்று தொடங்கி
முடிக்காமல் விட்டான்.
இரண்டு வருடமாகச் சொல்கிறேன், ஒரு தடவை பரிசோதித்துப் பார் என்று.
காற்றுதான் தாகம் எடுக்க வைக்கிறது என்பான்.
ராத்திரிக்கு நான்கு முறை குழாய்ச் சத்தம்.

செவ்வாய் காலை, தாளில் ஏற்றுவதற்காக
கருவியின் நினைவைத் திறந்தேன்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
வயிற்றுக்குள் ஏதோ நழுவியது.
காதைத் தொடவில்லை, குத்திப் பார்க்கவில்லை,
சிரிஞ்சை ஒரு கோட்டிலிருந்து இரண்டுக்கு இழுத்துவிட்டேன்.
அளக்காமல் ஊற்றப் போனேன்.
என் தொழிலில் இதற்கு வேலை போகும்.
ஊசி ரோமத்துக்குள் நுழைகையில்
பழக்க தோஷம், நேரத்தைப் பார்த்தேன்:
அதிகாலை மூன்று மணி பத்து.

அந்நேரம் நான் தூக்கத்தில் இருந்தேன்.
விளக்கடியில் காதை விரித்துப் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள், ஆறிய பழுப்பு.
புதிதாக ஒன்றுமில்லை.
குப்பைக் கூடையில், முட்டை ஓடுகளுக்கு அடியில்,
காகிதத்தில் சுற்றிய ஒரு பட்டை.
எந்தப் பூனைக் காதும் தராத அளவு ரத்தம்.

கருவி பிசகவில்லை.
பதினைந்தைக் கூட்டினாலும் கழித்தாலும்
அந்த எண் அந்த எண்தான்.
யாருடையது என்று மட்டும் அது சொல்லவில்லை.

பிறகு குத்திப் பார்த்தேன். டிஸ்னாதோவுக்கு நூற்று நாற்பத்தேழு.
இரண்டாவது கோட்டைத் திருப்பி அமுக்க
ஊசி முனையில் ஒரு துளி வந்து நின்றது.
நடுங்கும் உடம்பை மடியில் கிடத்தி
ஈறில் தேன் தடவியிருக்க வேண்டிய ஒரு மதியம்
அதற்குள் இருந்தது.
துணியில் துடைத்தேன்.

ஒன்பது மணிக்கு எழுந்து வந்தான் நொல்பெர்தோ,
மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடித்தபடி.
ஜாம் புட்டியை நான் ஒளிக்கவில்லை, நீட்டவும் இல்லை.
காலுறையை மறுபடி சூடாக்கி
அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பூனைக்கா?"
"பூனைக்கு ஆயிற்று."

கூரைத் தகரம் படபடத்தது.
அந்தக் கை நீண்டு வர வெகுநேரம் பிடித்தது.
அதற்குள் டிஸ்னாதோ மேசையில் ஏறி
கருவியின் மேல் உட்கார்ந்துகொண்டான்.